மலிவுச் சாப்பாடு என்றால் காய்கறி இல்லாத சாப்பாடா?

அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் கடைகள் எல்லாம் பள்ளிக்கூட வேடம் போட்டுக்கொள்ளும். நோட்டு, பென்சில், முதுகுப்பை, புதுக் காலணி என்று வாசலிலேயே குவித்து வைத்திருப்பார்கள். தென் மாநிலங்களில் பல ஊர்களில் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே பள்ளி திறந்துவிடுகிறது. வடகிழக்கில் பல ஊர்களில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினம் கழிந்த பிறகுதான் மணி அடிக்கும். எப்போது திறந்தால் என்ன, வீட்டில் நடப்பது ஒன்றுதான். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். மாலையில் விளையாட்டுப் பயிற்சி, வீட்டுப்பாடம், கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள். பணமெல்லாம் நோட்டுக்கும் காலணிக்கும் போயிருக்கும். மணி ஆறு அடிக்கும்போது அந்தக் கேள்வி வரும்: "ராத்திரிக்கு என்ன?"

அதற்கான பதில் அட்டைப் பெட்டியில் தயாராக இருக்கிறது. மக்ரோனி ஒரு பொட்டலம், சீஸ் தூள் ஒரு பொட்டலம். வேலை முடிந்தது. இந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு வாதமும் இருக்கிறது. நேரமும் இல்லாத, பணமும் இல்லாத குடும்பத்துக்குக் காய்கறி ஓர் ஆடம்பரம். வயிறு நிறைந்தால் போதும். காய்கறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அந்த வாதம். கேட்பதற்கு அது இரக்கம் போலத்தான் இருக்கும். உண்மையில் அது தப்புக் கணக்கு. அதுவும் நேற்று வந்த தப்பு அல்ல, நூறு வருடத்துக்கு மேல் பழைய தப்பு!

ஒன்பது நிமிடக் கணக்கு

கிராஃப்ட் நிறுவனத்தின் மக்ரோனி பெட்டி 1937ல் சந்தைக்கு வந்தது. அமெரிக்கா பெருமந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த காலம். 19 சென்ட்டில், ஒன்பது நிமிடத்தில், நான்கு பேருக்குச் சாப்பாடு என்று விளம்பரம் செய்தார்கள். வேலை போன வீட்டில் அந்தப் பெட்டி ஓர் உதவிதான். அன்றைய தாய்மார்கள் அதை வாங்கியதில் எந்தக் குற்றமும் இல்லை.

ஆனால் அந்த ஒன்பது நிமிடத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பெட்டி மக்ரோனி செய்ய என்ன வேண்டும்? பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டும். அதற்கே பத்து நிமிடம் ஆகும். விளம்பரத்தில் அந்தப் பத்து நிமிடம் வராது. பிறகு மக்ரோனி ஏழெட்டு நிமிடம் வேக வேண்டும். வடிகட்ட வேண்டும். வெண்ணெயும் பாலும் வீட்டிலிருந்து சேர்க்க வேண்டும். பெட்டிக்குள் வெண்ணெயும் கிடையாது, பாலும் கிடையாது. கடைசியில்தான் தூள்.

இப்போது பெட்டி இல்லாத சாதாரண உலர் பாஸ்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே தண்ணீர், அதே அடுப்பு, ஏறக்குறைய அதே வேகும் நேரம், அதே வடிகட்டி. ஆக, பெட்டி மிச்சப்படுத்தும் நேரம் எவ்வளவு? நான்கு பூண்டுப் பல்லை உரித்து நசுக்க ஆகும் இரண்டு மூன்று நிமிடம்! பாஸ்தா வேகும் நேரத்தில் சும்மா நிற்கும் கைகளால் அதையும் முடித்துவிடலாம்.

அளவையும் பாருங்கள். வழக்கமான மக்ரோனி பெட்டியின் எடை 206 கிராம். சாதாரண பாஸ்தா பெட்டியின் எடை ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம். கடையின் சொந்த முத்திரை பாஸ்தா என்றால் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு டாலருக்குள் கிடைத்துவிடும். பெட்டி மக்ரோனியின் விலையும் அதை ஒட்டித்தான் இருக்கும். பாதி எடைக்கும் குறைவான மாவுப் பண்டத்துக்கு ஏறக்குறைய அதே விலை. மிச்சப் பணம் போவது ஆரஞ்சு நிறத் தூளுக்கு. இதற்குப் பெயர் மலிவா?

காய்கறியிடம் கலோரி கேட்ட கதை

இந்தக் குழப்பத்தின் வேர் பெட்டிக்கும் முன்னால் இருக்கிறது. வில்பர் அட்வாட்டர் என்பவர் அமெரிக்க ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் தந்தை என்று போற்றப்படுபவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், எந்த உணவில் எவ்வளவு புரதம், எவ்வளவு கலோரி என்று அளந்து பட்டியல் போட்டார். அது மகத்தான வேலைதான். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஏழைகளுக்குச் சொன்ன யோசனைதான் வினையாகப் போனது. ஒரு காசுக்கு எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் என்று பார்த்து வாங்கு என்றார்கள். அந்தக் கணக்கில் மாவு ஜெயித்தது, சர்க்கரை ஜெயித்தது. கீரையும் தக்காளியும் தோற்றுப்போயின. தண்ணீர் நிறைந்த பச்சைக் காய்கறிக்கு ஏழை காசு கொடுப்பது வீண் செலவு என்றே அந்தக் காலத்து நிபுணர்கள் நினைத்தார்கள்.

அதே காலத்தில்தான் இத்தாலியர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1880க்கும் 1920க்கும் இடையில் ஏறக்குறைய 40 லட்சம் பேர். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் ஏழை விவசாயிகள், கூலிகள். அவர்கள் சமையல் என்ன? பாஸ்தாவோடு கீரை, பாஸ்தாவோடு பீன்ஸ், பாஸ்தாவோடு கொண்டைக்கடலை, பாஸ்தாவோடு தக்காளி. அவர்கள் வீட்டுக்குப் போன சீர்திருத்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இறைச்சியும் பாலும் வாங்க வேண்டிய பணத்தைக் காய்கறியிலும் ஊரிலிருந்து வரும் சீஸிலும் விரயம் செய்கிறார்கள் என்றார்கள். எல்லாவற்றையும் கலந்து சமைப்பது செரிக்காது என்றும் சொன்னார்கள்.

இத்தாலியப் பெண்கள் கேட்கவில்லை. நல்லவேளை! 1912ல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற சொல்லை உருவாக்கினார். கலோரிப் பட்டியலில் அகப்படாத, ஆனால் இல்லாவிட்டால் உடம்பு கெட்டுப்போகும் சத்துகள் உணவில் இருக்கின்றன என்பது மெல்ல மெல்லத் தெரிய வந்தது. வீண் செலவு என்று ஒதுக்கிய கீரையும் தக்காளியும் மதிப்புக்குரிய பொருளாயின. படித்த நிபுணர் தவறிய இடத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சரியாக இருந்தாள்.

ஆனால் அந்தப் பழைய கணக்கு செத்துப்போகவில்லை. இன்றும் "ஒரு டாலருக்கு எத்தனை கலோரி" என்று காட்டி, காய்கறி ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்று நிரூபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கணக்குப் போட்டால் காய்கறி தோற்கத்தான் செய்யும். அது கலோரிக்காகச் சாப்பிடும் பொருளே அல்லவே! 56 கிராம் உலர் பாஸ்தாவிலேயே சுமார் 200 கலோரியும் ஏழு கிராம் புரதமும் கிடைக்கின்றன. வயிற்றை நிரப்பும் வேலையை பாஸ்தா மிக மலிவாகவே செய்துவிடுகிறது. காய்கறியின் வேலை வேறு. ஒரே தட்டில் இரண்டும் இருக்கும்போது, காய்கறியிடம் போய்க் கலோரி கேட்பது செருப்புத் தைக்கிறவரிடம் போய்ச் சட்டை தைக்கவில்லையே என்று குறை சொல்வது போல.

தக்காளி விழுதும் காய்கறிதானாம்!

வீட்டில்தான் இப்படி, பள்ளியிலாவது காய்கறிக்கு மரியாதை உண்டா என்றால், அங்கேயும் கதை இதுதான்.

1981ல் ரீகன் அரசு பள்ளி உணவுக்கான பணத்தை வெட்டியது. வெட்டிய பணத்துக்குள் விதிகளை அடக்க வேண்டுமே! ஊறுகாய்த் துவையல் போன்ற தொடுகறிகளைக் காய்கறிக் கணக்கில் சேர்க்க வழிவிடும் ஒரு வரைவு வந்தது. "கெட்சப் ஒரு காய்கறியா?" என்று நாடே சிரித்தது. வரைவைத் திரும்பப் பெற்றார்கள்.

சிரிப்பு அடங்கி முப்பது வருடம் ஆன பிறகு, 2011ல் இன்னொரு கூத்து நடந்தது. பீட்சாவில் தடவும் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுதைப் பள்ளி உணவு விதி அரை கப் காய்கறியாகக் கணக்கிட்டு வந்தது. அரை கப் என்பது எட்டு மேசைக்கரண்டி. இரண்டு கரண்டியை இரண்டு கரண்டியாகவே எண்ணலாம் என்று வேளாண்மைத் துறை சொன்னது. நாடாளுமன்றம் குறுக்கே நின்று அந்த மாற்றத்துக்குப் பணம் செலவழிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது!

மதியம் பள்ளியில் தக்காளி விழுது காய்கறி ஆகிவிடுகிறது. இரவு வீட்டில் ஆரஞ்சுத் தூள் சாப்பாடு ஆகிவிடுகிறது. இடையில் அந்தக் குழந்தை உண்மையான காய்கறியைப் பார்ப்பது எப்போது? இரவுச் சாப்பாடு ஒன்றுதான் பெற்றோர் கையில் மிச்சமிருக்கும் வேளை. அதையும் விட்டுக்கொடுத்தால் எதுவும் மிஞ்சாது.

ஒளித்து வைக்கும் தந்திரம்

இன்னொரு கூட்டம் காய்கறி வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறது. ஆனால் குழந்தைக்குத் தெரியக் கூடாது என்கிறது. 2007ல் ஒரே வருடத்தில் இரண்டு புத்தகங்கள் இதைச் சொல்லிப் பேர் வாங்கின: ஜெசிகா சைன்ஃபீல்டின் 'டிசெப்டிவ்லி டெலிஷியஸ்', மிஸ்ஸி சேஸ் லப்பைனின் 'தி ஸ்னீக்கி ஷெஃப்'. காயை வேகவைத்து, மசித்து, கூழாக்கிக் குழந்தை விரும்பும் பண்டத்துக்குள் மறைத்துவிட வேண்டும் என்பதே இரண்டின் சாரம்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் இதில் இரண்டு நஷ்டம். முதலாவது, நேரமில்லாத வீட்டுக்கு இது கூடுதல் வேலை. வேகவைத்து, அரைத்து, பாத்திரம் கழுவி, பொட்டலம் கட்டி உறைய வைப்பது யார்? இரண்டாவது, காய்கறி என்பது ஏமாற்றித்தான் ஊட்ட வேண்டிய மருந்து என்று பெரியவர்களே ஒப்புக்கொள்வது போலாகிவிடுகிறது. ஒரு புதிய காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேல் கூட ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்று குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத காய் எப்படிப் பழக்கமாகும்? பாஸ்தாவுக்கு நடுவே பச்சையாக ஒரு ப்ரோக்கோலித் துண்டு கிடக்கட்டும். முதல் வாரம் ஒதுக்கி வைப்பான். நாலாவது வாரம் கடித்துப் பார்ப்பான். தேவை பொறுமைதான்.

நேரம் யாருடையது?

சரி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். "இதெல்லாம் வசதியானவர்கள் பேச்சு. இரண்டு இடத்தில் வேலை பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வீடு வரும் தாயிடம் போய் பூண்டு உரி என்று சொல்வது அநியாயம்" என்பார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. மலிவுச் சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொருளின் விலையை மட்டும் எழுதுவார்கள். கையின் விலையை எழுத மாட்டார்கள். அரசே அந்தத் தப்பைச் செய்தது. ஃபுட் ஸ்டாம்ப் என்று முன்பு அழைக்கப்பட்ட உணவு உதவித் தொகை, 2008லிருந்து ஸ்னாப் என்ற பெயரில் வழங்கப்படுகிறது. அதன் அளவை முடிவு செய்யும் சிக்கன உணவுத் திட்டத்தில் சமைக்கும் நேரத்துக்கு விலை கிடையாது. ஜார்ஜ் டேவிஸ், வென் யூ என்ற இரண்டு ஆய்வாளர்கள், உழைப்பையும் கணக்கில் சேர்த்தால் அந்தச் சிக்கனத் திட்டம் சிக்கனமே அல்ல என்று 2010ல் கட்டுரை எழுதினார்கள். 2021ல்தான் அந்தத் திட்டம் திருத்தப்பட்டு, அதன் மதிப்பு 21 சதவீதம் உயர்ந்தது; உதவித் தொகையும் கூடியது. இன்னொரு வேடிக்கை: சூடாகச் சமைத்து விற்கும் உணவை ஸ்னாப் பணத்தில் வாங்கப் பொதுவாக அனுமதி இல்லை. ஏழை கட்டாயம் சமைத்தே ஆக வேண்டும், ஆனால் சமைக்கும் நேரம் கணக்கில் வராது!

ஆகவே ஒரு தாய் களைத்துப்போய்ப் பெட்டியைப் பிரித்தால் அவளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. குறை சொல்ல வேண்டியது அவளிடம் விற்கப்பட்ட பொய்யை. அவளுக்குத் தேவை நேரம். பெட்டி நேரத்தைத் தருவதாகச் சொல்லிக் காய்கறியைத்தான் பிடுங்கிக்கொண்டது. அடுப்பின் முன்னால் நிற்கும் நேரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது.

நேரப் பஞ்சத்தின் இன்னொரு காரணத்தைப் பெட்டி விற்பவர்களும் பேசுவதில்லை, குறிப்பு எழுதுகிறவர்களும் பேசுவதில்லை. அந்த வீட்டில் வேறு கைகள் இல்லையா? அமெரிக்கர்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2003லிருந்து கணக்கெடுத்து வருகிறது. சமையல் வேலையில் பெண்களின் நேரமே இன்றும் அதிகம். கொதிக்கும் தண்ணீரில் பாஸ்தா போட ஆணுக்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு டப்பா திறக்கவும் கொண்டைக்கடலையை அலசவும் தெரியும். தகப்பன் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் வீட்டில் "நேரமில்லை" என்பது பாதி உண்மைதான்.

ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு

இனி வாதத்தை அடுப்பிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

ஒரு பவுண்டு பாஸ்தா. 28 அவுன்ஸ் டப்பா தக்காளி ஒன்று. உறைய வைத்த ப்ரோக்கோலி ஒரு பை. வேகவைத்த கொண்டைக்கடலை டப்பா ஒன்று. பூண்டு, எண்ணெய், உப்பு, காய்ந்த மிளகாய். எல்லாம் கடையின் சொந்த முத்திரை என்றால் ஆறேழு டாலருக்குள் முடியும். ஆறு பேர் வயிறார உண்ணலாம். நால்வர் உள்ள வீட்டில் மறுநாள் மதியத்துக்கும் மிஞ்சும்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தாராளமாக உப்புப் போட வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பாஸ்தாவுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்; பிறகு சேர்க்கும் உப்பு உள்ளே போகாது. பாஸ்தா வேகும்போதே பக்கத்து அடுப்பில் எண்ணெயில் பூண்டும் மிளகாயும் வதங்கட்டும். தக்காளியும் கொண்டைக்கடலையும் அதில் சேரட்டும். பாஸ்தா வேக மூன்று நிமிடம் இருக்கும்போது ப்ரோக்கோலியை அதே தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலியின் புலியா பகுதியில் காது வடிவ ஒரெக்கியெத்தே பாஸ்தாவைக் கசப்புக் கீரையோடு இப்படித்தான் ஒரே தண்ணீரில் வேகவைக்கிறார்கள். வடிக்கும் முன் ஒரு கப் தண்ணீரை எடுத்து வைத்து, கடைசியில் ஊற்றிக் கிளற வேண்டும். மாவுச்சத்து கலந்த அந்தத் தண்ணீர் குழம்பைப் பாஸ்தாவோடு ஒட்ட வைக்கும். கிரீம் வாங்க வேண்டிய செலவு மிச்சம்.

சீஸ் விலை கட்டாதா? காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவலாம். தெற்கு இத்தாலியில் அதை ஏழைகளின் பார்மெசான் என்றே சொல்வார்கள். பழைய ரொட்டி குப்பைக்குப் போகாது, பிள்ளைகளுக்கு மொறுமொறுப்பும் கிடைக்கும்.

உறைய வைத்த காய் மட்டமானது என்று நினைப்பவர்கள் உண்டு. அறுவடையானதும் வெந்நீரில் காட்டி உறைய வைத்த காய், நாலு நாள் லாரியில் பயணம் செய்து குளிர்பெட்டியில் வாடிய காய்க்குச் சற்றும் குறைந்ததல்ல. கழுவ வேண்டாம், நறுக்க வேண்டாம், அழுகாது. நேரமில்லாத வீட்டுக்கு உண்மையான உதவி இந்தப் பைதான்!

புதுக் காய் வேண்டுமா? பள்ளி திறக்கும் காலமும் அமெரிக்கத் தோட்டங்களில் தக்காளி, கத்திரிக்காய், சுக்கினி காய்த்துத் தள்ளும் காலமும் ஒன்றுதான். ஆகஸ்ட் 8ஆம் தேதியை, பக்கத்து வீட்டு வாசலில் இரவோடு இரவாகச் சுக்கினியை வைத்துவிட்டு ஓடும் நாள் என்று வேடிக்கையாகக் கொண்டாடுகிறார்கள். அவ்வளவு விளைச்சல்! சிசிலியின் கட்டானியா நகரில் வறுத்த கத்திரிக்காயும் தக்காளியும் சேர்த்துச் செய்யும் பாஸ்தா உலகப் புகழ் பெற்றது. ஒரு நாட்டில் ஊருக்குப் பெருமையான உணவு, இன்னொரு நாட்டில் "நேரமில்லை, கட்டாது" என்று தள்ளப்படுகிறது. இரண்டிலும் அடுப்பு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான்.

மலிவு என்பது நல்ல சொல். ஏழை வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் புத்தியைச் செலவழித்துக் காப்பாற்றிய சொல். காய்ந்த ரொட்டியையும் கடலையையும் கீரையையும் வைத்து அவர்கள் விருந்து படைத்தார்கள். அந்தச் சொல்லைப் பெட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து காய்கறியைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை அதே பெண்களுக்கு விற்கிறார்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைக்குப் புதுப்பை வாங்கித் தர முடியாமல் போகலாம், பழைய பையே இன்னொரு வருடம் தாங்கும். தட்டில் இருக்க வேண்டிய காயை அப்படி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட முடியாது. வளரும் உடம்பு காத்திருக்காது.